கோடு போடுவதற்கும் வாடகை

பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த டிராயிங் ஆபீஸை மூடப்போவதாக முதலாளி சொன்ன அன்று, மற்றவர்கள் பி.எஃப். எப்போது கைக்கு வரும் என்று கேட்டார்கள். நான் கேட்டது, "அப்ப சாஃப்ட்வேர், சார்?"

அவருக்குப் புரியவில்லை. "எந்த சாஃப்ட்வேர்மா?"

"நாம கோடு போடறது."

"அது ஆபீஸ் பேர்ல வருஷா வருஷம் கட்றது. ஆபீஸ் இல்லேன்னா அதுவும் இல்ல." சொல்லிவிட்டு, பாவம், எனக்கு ஆறுதலும் சொன்னார். "உனக்கு இன்னாமா கவலை? எங்க போனாலும் கம்ப்யூட்டர் குடுத்து ஒக்கார வெப்பாங்க."

வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்த ஆபீஸில் என்னைச் சேர்த்ததே பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுக்கத்தான். மடித்தபடியே பக்கத்து நாற்காலியை எட்டி எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எல் தட்டி என்டர் அடித்தால் கோடு. ஓ தட்டினால் அதே கோடு பக்கத்தில் இன்னொன்று. டி ஆர் தட்டினால் அதிகமாக நீண்டதை நறுக்கிவிடலாம். இவையெல்லாம் ஏதோ இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துகள் என்பதே வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. என் இடது கைக்கு அந்த வேலை தெரியும். மெனுவைத் திறந்து, படித்து, தேடி எடு என்றால் திணறிப்போவேன்.

ஆபீஸ் மூடியதும் இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். வரைந்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். எழுந்திருக்கும்போது, "டிப்ளமா சர்டிஃபிகேட் காப்பி மட்டும் மெயில் பண்ணிடுங்க மேடம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் அதை வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, உள்ளே போய் ஆசைப்பட வேண்டியிருக்கவில்லை.

மிச்சம் இருந்தவர் அத்திபெலேக்காரர். ஓசூர் போகிற வழியில், அத்திபெலேயில், இரும்புத் தகட்டில் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருப்பவர். லிஃப்டுக்கும் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் சுவிட்சுகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற பெட்டிகள். எங்கள் ஆபீஸின் பழைய வாடிக்கைக்காரர். அவருடைய பெட்டிகளை வரைந்தது பெரும்பாலும் நான்தான். தயங்கித் தயங்கிப் போன் செய்தேன்.

"சர்டிஃபிகேட் எனக்கு எதுக்குமா? பொட்டிக்குக் கதவு மூடணும், அவ்ளோதான். நீ வூட்லேந்தே போட்டு அனுப்பு. கொஞ்ச நாள் பாக்கறேன். சரியா வந்தா எல்லா வேலையும் உனக்கே. வரலேன்னா ஓசூர்ல ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கான், அவனுக்குப் பூடும். அப்புறம் கோச்சுக்கக் கூடாது."

"சரிண்ணா."

"சொந்தமா சாஃப்ட்வேர் இருக்கா?"

"வாங்கிடறேன்ணா."

"ஒரிஜினலா வாங்கு. என் கஸ்டமர் கம்பெனிலேந்து வந்து பாப்பாங்க, இதுலதான் வரையறீங்களான்னு."

போனை வைத்ததும் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு வந்தது பயம்தான். இவர் ஒருவர்தான் சர்டிஃபிகேட் கேட்காதவர். இவருடைய வேலை கைவிட்டுப் போனால் கோடு போடுகிற வேலையை மறந்துவிட்டு, எங்கள் தெருப் பெண்கள் பலரும் போகிற கார்மென்ட்ஸ் கம்பெனி வண்டியில் நானும் ஏற வேண்டியதுதான். அவர்கள் செய்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. எனக்குத் தையல் வராது. அங்கேயும் நான் திரும்பவும் மடித்துக் கொடுப்பவளாகத்தான் இருப்பேன்.

ஆக, சாஃப்ட்வேர்.

பழைய ஆபீஸில் இருந்ததையே எடுத்துவிடலாம் என்று விலையைப் பார்த்தேன். அதை விற்பதே இல்லையாம். வருஷத்துக்கு இவ்வளவு என்று வாடகை மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் திறக்காது. என் வீட்டுக்காரர் சிவாஜிநகர் துணிக் கடைகளுக்குச் சரக்கு அடிக்கிற டெம்போ ஓட்டுகிறார். அவரிடம் சொன்னேன்.

"இன்னாடி இது அநியாயமா இருக்குது? வூட்டுக்கு வாடகை, வண்டி நிறுத்தறதுக்கு வாடகை. கோடு போடறதுக்குமா வாடகை?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்ட கோட்டையாவது நம்மகிட்ட வுட்டுருவானா, இல்ல அத்தையும் எடுத்துக்குவானா?"

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு அது பிடித்துக்கொண்டது. வாடகை கட்ட முடியாத மாதத்தில் பழைய டிராயிங்குகளைத் திறக்க முடியுமா, முடியாதா? அத்திபெலேக்காரர் அவசரமாக ஒரு அளவு கேட்டால் என்ன செய்வேன்? வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் மொபைல் கடை வைத்திருக்கிறார். "எதுக்குக்கா காசு? நான் கிராக் போட்டுத் தரேன், ஃபுல் வெர்ஷன்" என்றார். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் பின்னால் உட்காரக்கூடப் பயப்படுகிறவளிடம் சொல்கிற யோசனையா இந்தத் திருட்டுக் காப்பி? அத்திபெலேக்காரரின் கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பது போலவும், நான் கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டு மூடுவது போலவும் கண்ணுக்குள் ஓடியது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். வழி என்று சொல்லக்கூடாது, தள்ளிப்போடுதல் என்றே சொல்லலாம். எல்லாக் கம்பெனிக்காரர்களும் சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நாள் சும்மா கொடுக்கிறார்கள். அந்தச் சும்மாவில் வேலையைச் செய்துகொண்டே, எதை வாங்குவது என்று யோசிக்கலாம். ஒன்று முடிந்தால் அடுத்தது.

முதலில் பழைய ஆபீஸ் சாஃப்ட்வேரையே அப்படிப் போட்டேன். ஜீவனஹள்ளி வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கம்ப்யூட்டர். கை அதுபாட்டுக்கு ஓடியது. அத்திபெலேக்காரர் அனுப்பிய முதல் பெட்டிகள் முன்பே வரைந்தவைதான். பழைய ஃபைலைத் திறந்து நீள அகலத்தை மாற்றினால் போதும். எல்லாம் சரியாகப் போயிற்று. ஆனால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, இன்னும் இத்தனை நாள் என்று தினமும் குறைந்துகொண்டே வந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்தேன். மறைத்த பிறகு, இன்று என்ன எண்ணோ என்று காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

அது முடிந்ததும் முழுக்க இலவசமான ஒன்று. காலமெல்லாம் இலவசம் என்று போட்டிருந்தது. காலமெல்லாம் சும்மா கொடுப்பவருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. அதைத் திறந்து எல் தட்டி என்டர் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தட்டினேன். கீழே ஏதோ இங்கிலீஷில் கேட்டது. அதில் கோட்டுக்கு வேறு எழுத்துகளாம், நறுக்குவதற்கு வேறாம். உட்கார்ந்து பழகினால் வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பழகுகிற வரைக்கும் அத்திபெலே காத்திருக்குமா? அரை நாளில் முடிக்கிற பெட்டி ஒன்றை இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

இன்டர்நெட்டிலேயே வரைகிற ஒன்றும் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றவே வேண்டாம், பிரௌசரைத் திறந்தால் போதும். பார்க்க அத்தனை அழகு, பெட்டியை உருட்டித் திருப்பிப் பார்க்கலாம். நல்லவேளை, எங்கள் பழைய ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணிடம் கேட்டுவைத்தேன். அவள் டிப்ளமா படித்தவள், இப்போது ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள்.

"அக்கா, அதுல ஃப்ரீயா போட்டா நீங்க வரையறத உலகத்துல யார் வேணா பாக்கலாம். படிச்சுப் பாத்தீங்களா கண்டிஷன?"

"யாரு பாப்பாங்க என் பொட்டிய?"

"உங்க பொட்டியா அது? கஸ்டமர் பொட்டிக்கா!"

உடனே அதை மூடிவிட்டேன். அன்று முழுவதும், இதற்குள் யாராவது பார்த்திருப்பார்களோ என்று பதற்றம். நான் அதில் வரைந்து பார்த்திருந்ததோ ஒரே ஒரு சதுரம்.

கடைசியாக அவளே சொன்னதுதான் நான்காவது. பழைய ஆபீஸ் சாஃப்ட்வேரைப் பார்த்துப் பார்த்துச் செய்தது மாதிரி இருக்கும், அதே எழுத்துகளைத் தட்டலாம், அதே ஃபைலைத் திறக்கும், வாடகை கிடையாது, ஒரு முறை கொடுத்தால் போதும் என்றாள். விலையும், கஷ்டப்பட்டால் தாங்கக்கூடிய விலை. சோதனைக்குப் போட்டதும் மறுநாள் காலையிலேயே அதை விற்கும் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது, எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் விசாரித்து.

"நமஸ்காரா மேடம், டவுன்லோட் மாடித்தீரல்லா, ஹேகிதே?"

"சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் சந்தேகம்..."

"ஓ, தமிழா? சொல்லுங்க மேடம், சொல்லுங்க. என்னா சந்தேகம்?"

"ஒரு வாட்டி காசு குடுத்தா எவ்ளோ நாள் வரும்?"

"ஆயுசுக்கும் மேடம்."

"யார் ஆயுசுக்கு?"

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் ஆயுசா, என் கம்ப்யூட்டர் ஆயுசா, அவர்கள் கம்பெனியின் ஆயுசா? மூன்றில் எது முதலில் போகும் என்று யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் போனால் வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமாம், அவர்களிடம் சொல்ல வேண்டுமாம். கம்பெனி போனால் என்ன என்பதற்கு, "அப்படியெல்லாம் போகாது மேடம்" என்றார். காக்ஸ் டவுன் ஆபீஸைப் பற்றியும் அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அதனால் அதையும் வாங்கவில்லை. வேலை மட்டும் அதில் நடந்தது. அந்த விற்பனைக்காரர் தவறாமல் போன் செய்வார், நான் புதிதாக ஒரு சந்தேகம் கேட்பேன். "மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் தைரியமா முடிவெடுங்க" என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அத்திபெலேயிலிருந்து ஒரு புது வேலை வந்தது. பழைய டிராயிங் இல்லாத, முற்றிலும் புதிய பெட்டி. அவருடைய பெரிய கஸ்டமருக்கு, ஒரே அளவில் பல பெட்டிகள் வேண்டுமாம். வெற்றுத் திரையில் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஸ்வீட் கடை அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நாங்கள் இரும்புப் பெட்டியை விரித்த வாக்கில் வரைவோம். வெளிக் கோடு வெள்ளை. அதை லேசர் மெஷின் வெட்டும். மடிக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு. அந்த இடத்தில் மெஷின் வெட்டாது, லேசாகக் கீறிவிட்டுப் போகும். மடிக்கிறவர் அந்தக் கீறலைப் பார்த்து மடிப்பார். வெள்ளை வெட்டு, மஞ்சள் மடி. பட்டறைக்கும் எங்களுக்கும் இருந்த பழக்கம் இது. யாரும் எழுதிவைத்ததில்லை.

பழைய ஆபீஸில் புது ஃபைல் திறந்தாலே வெள்ளையும் மஞ்சளும் தயாராக இருக்கும். யாரோ எப்போதோ அமைத்துவைத்தது. இங்கே, என் வீட்டில், எதுவும் இல்லை. மஞ்சளை நானே எடுக்க வேண்டியிருந்தது. நிறத்தைக் கேட்டதும் அந்தச் சாஃப்ட்வேர் வானவில் மாதிரி ஒரு பட்டையைத் திறந்து காட்டியது. அதில் கண்ணை உறுத்தாத, சாமந்திப்பூ மாதிரி ஒரு மஞ்சளைத் தொட்டேன். அழகாக இருந்தது. வரைந்து, அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, கதவு இடைவெளியைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, அனுப்பினேன். எந்த மில்லிமீட்டரிலும் தவறு இல்லை. இன்றைக்கும் சொல்வேன், தவறு இல்லை.

மறுநாள் சமையலுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது போன்.

"ஏம்மா, பொட்டி கேட்டா பட்டை பட்டையா வந்திருக்குது! இன்னாமா அனுப்பினே?"

"அண்ணா?"

"மடிக்கிற எடமெல்லாம் வெட்டிடுச்சு. ஷீட்டு மொத்தமும் போச்சு. வந்து பாரு."

வெங்காயம் அப்படியே கிடந்தது. மார்க்கெட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அத்திபெலேக்கு ஒரு பஸ். பெண்களுக்கான இலவச டிக்கெட்டுக்குக் கண்டக்டர் "ஆதார் தோர்சி" என்று கார்டைக் காட்டச் சொன்னபோதுதான் பையைத் துழாவினேன். ஆதார் கார்டு இருந்தது, வீட்டுச் சாவி இல்லை. கதவைப் பூட்டினேனா? அடுப்பை அணைத்தேனா? வேறு நாளாக இருந்தால் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கித் திரும்பியிருப்பேன். அன்று அடுப்புகூட இரண்டாவது கவலைதான். ஓசூர்காரருக்கு இதற்குள் போன் போயிருக்குமோ என்பதே முதல் கவலை.

பட்டறையில் லேசர் மெஷின் பக்கத்தில் என் பெட்டி குவிந்துகிடந்தது. முதுகு தனியாக, விலா தனியாக, கதவு தனியாக. எல்லாம் கச்சிதமான அளவு. ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. பார்க்கவே கூசியது.

மெஷினை ஓட்டுகிறவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். இத்தனை வருஷம் போனில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்தது அன்றுதான்.

"மஞ்சள்தானே பாய் போட்டேன்? ஸ்கிரீன்ல பாருங்க. மஞ்சள்தானே அது?"

"மஞ்சள்தான்க்கா, இல்லேன்னு சொல்லலை. கண்ணுக்கு மஞ்சள்." கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்துத் தட்டினார். ஓரத்தில் ஒரு எண் வந்தது. "இது நாப்பது. எப்பவும் உங்களுது ரெண்டு வரும். மெஷினுக்கு ரெண்டுன்னு சொல்லி வெச்சிருக்கோம். ரெண்டு வந்தா கீறும். வேற எது வந்தாலும் வெட்டிப்போடும்."

நிறத்துக்கு எண் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மஞ்சளுக்கு என்ன எண் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க அவசியம் வந்ததில்லை. தயாராக இருந்ததே!

அந்த நேரத்தில் எனக்கு ரோஷமும் வந்தது. "வெட்டறதுக்கு முன்னால நீங்க ஒரு வாட்டி பாத்திருக்கலாமே, பாய்?"

"பாத்தேன்க்கா. மஞ்சள் தெரிஞ்சுது. உங்க டிராயிங்னா நான் ஜாஸ்தி பாக்கறதே இல்லை. டைரக்ட்டா வுட்டுடுவேன்."

பட்டறைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தம்மாவும் மஞ்சள் பாத்துச்சு, நீயும் மஞ்சள் பாத்தே. ரெண்டு பேரும் கல்யாண வூட்டுக்கா போயிருந்தீங்க? என் ஷீட்டு போச்சேப்பா!"

பாய் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் பட்டறைக்காரர் குரலை இறக்கினார். டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம் யோசித்துச் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நீ இன்னாத்துக்கு அந்த சாஃப்ட்வேர் இந்த சாஃப்ட்வேர்னு அல்லாடறே? இங்க வந்து ஒக்காரு. என் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்குது. அதுல எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கு. பாய் பக்கத்துலயே இருக்காரு. சம்பளம் மாதிரி போட்டுடலாம். உனக்கு வாங்கற செலவும் இல்ல, கவலையும் இல்ல."

கவலை இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. விலை பார்க்க வேண்டாம். ஆயுசு கணக்கு வேண்டாம். அந்த விற்பனைக்காரர் போனை எடுக்க வேண்டாம். 'சரிண்ணா' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என்ன தடுத்தது என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்ணா" என்றேன்.

"கேளு. ஆனா இன்னிக்கே சொல்லு. இந்தப் பொட்டி எனக்கு இந்த வாரமே வேணும்."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. எனக்குக் கெட்டதை நினைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறவியிலேயே வந்த பழக்கம். அதனால் நல்ல விஷயத்தையும் அதன் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அங்கே போய் உட்காருகிறேன். எல்லாம் அமைத்துவைத்திருக்கிறார்கள். மஞ்சள் தயார், வெள்ளை தயார். என் கைபாட்டுக்கு ஓடுகிறது. சில வருஷங்கள் போகின்றன. ஒரு நாள் அவருக்கும் வயதாகிறது, அல்லது மகன் வேறு தொழில் பார்க்கிறேன் என்கிறான், அல்லது பட்டறை ஓசூர் பக்கம் போய்விடுகிறது. நான் வெளியே வந்து நிற்கிறேன். அப்போது என் கையில் என்ன இருக்கும்? சர்டிஃபிகேட் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, என் மஞ்சளுக்கு என்ன எண் என்பதுகூட இன்னொருவர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்.

அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கவலை இல்லாத அந்த நாற்காலிதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பயத்தைக் கொடுத்தது. தைரியத்தால் நான் முடிவெடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய பயம் ஒன்று வந்து சின்னப் பயங்களைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

பொம்மனஹள்ளி நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது விற்பனைக்காரருக்கு நானே போன் செய்தேன்.

"அய்யோ மேடம், நீங்களே பண்றீங்களா! சொல்லுங்க, இன்னிக்கு என்னா சந்தேகம்?"

"கலர் நம்பர்லாம் ஒண்ணேதானா? பழைய சாஃப்ட்வேர்ல ரெண்டுன்னா உங்களுதுலயும் ரெண்டுதானா?"

"ரெண்டுதான் மேடம். வானவில்ல தொடாதீங்க, நம்பர் போட்டு எடுங்க. பக்கத்துலயே இன்னொரு டேப் இருக்கு."

"நான் ஒரு தடவை செட் பண்ணி வெச்சா ஒவ்வொரு ஃபைல்லயும் அதுவே வருமா?"

"வரும் மேடம். வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. வாங்கிக்கறேன்."

அவர் நம்பவில்லை. "நிஜமா?" என்று கேட்டார். "பேமென்ட் லிங்க் அனுப்பட்டா? ஈவ்னிங் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

வீட்டுக்கு வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது, அடுப்பு அணைந்திருந்தது, யாரும் எதையும் எடுத்துப்போகவில்லை. பட்டறைக்காரருக்குப் போன் செய்து, வீட்டிலிருந்தே போடுகிறேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"உன் இஷ்டம். ஆனா இன்னொரு வாட்டி ஷீட்டு போச்சுன்னா நான் ஓசூர்காரனைத்தான் கூப்புடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"மொத்தமா வெட்ட வேணாம்ணா. ஒரே ஒரு பொட்டி வெட்டி, மடிச்சுப் பாருங்க. சரியா இருந்தா மிச்சத்தை வெட்டுங்க."

"அப்படி வா வழிக்கு" என்றார்.

பணம் கட்டுவதிலும் ஒரு கூத்து. பேங்க் கணக்கு வீட்டுக்காரர் போன் நம்பரில் இருக்கிறது. ஓடிபி அவருக்குத்தான் போகும். போன் செய்தால், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடிபி வந்துதா? சொல்லுங்க, சொல்லுங்க."

"இருடி, பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்."

"டைம் முடிஞ்சிடும்ங்க!"

முடிந்துவிட்டது. திரும்பவும் கேட்டு, திரும்பவும் வந்து, எண்களை அவர் கத்த, பின்னணியில் யாரோ அவரைத் திட்ட, நான் தட்டினேன். பணம் போய்விட்டது. திரையில் சோதனை என்கிற வார்த்தை மறைந்து, அந்த இடத்தில் என் பெயர் வந்தது. இங்கிலீஷில்தான். எழுத்துக் கூட்டிப் படித்து, தப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

பழைய ஃபைல் ஒன்றில் தட்டிப் பார்த்துக்கொண்டு, புது ஃபைலைத் திறந்து வெள்ளைக்கு ஏழு, மஞ்சளுக்கு இரண்டு என்று எண்ணைத் தட்டி அமைத்தேன். சேமித்து, மூடி, திறந்து, இரண்டுதானா என்று பார்த்தேன். பென் டிரைவில் ஒரு காப்பி, மெயிலில் எனக்கே ஒரு காப்பி. பிறகு அந்தப் பெட்டியை முதல் கோட்டிலிருந்து வரைந்தேன். சாமந்தி மஞ்சளை மாற்றினாலே போதும், பழையதை அப்படியே அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

அனுப்பிவிட்டுப் பாய்க்குப் போன் செய்தேன். "டைரக்ட்டா வுட்டுடாதீங்க பாய். ஒவ்வொரு கோட்டையும் தட்டிப் பாருங்க."

"எல்லாக் கோட்டையுமா? க்யா அக்கா, இன்னிக்கு வேற வேலை இல்லையா எனக்கு?"

"என் டிராயிங்னு நெனைக்காதீங்க. ஓசூர்காரர் டிராயிங்னு நெனைச்சுக்கோங்க."

மறுநாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். துணி துவைக்கும்போது ஜன்னலில், சமைக்கும்போது மிளகாய்த்தூள் டப்பா மேல். மத்தியானம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. கரண்ட் போயிருக்குமோ, பாய் லீவு போட்டிருப்பாரோ, வெட்டி, அதுவும் போய், எனக்குச் சொல்ல மனமில்லாமல் ஓசூருக்கே சொல்லிவிட்டார்களோ. கேட்கலாம் என்று எடுப்பேன், கேட்டால் தொந்தரவு என்று கோபம் வந்துவிட்டால் என்று வைப்பேன்.

வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது போன் சத்தம் போட்டது. பட்டறைக்காரரிடமிருந்து ஒரு போட்டோ. கூட ஒரு வார்த்தையும் இல்லை. விரலால் பெரிதாக்கினேன். தரையில் அது நின்றுகொண்டிருந்தது. நாலு பக்கமும் மடிந்து, மூலைகள் சேர்ந்து, கதவு மூடியபடி. பின்னால் யாருடைய கால்களோ தெரிந்தன. திரும்பத் திரும்பப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. 'மிச்சத்தையும் வெட்றோம். அடுத்த பொட்டி சைஸ் சாயங்காலம் அனுப்பறேன்.'

"இன்னாடி அப்படிப் பாக்கறே? கொடு இப்டி." வீட்டுக்காரர் சோற்றுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் போனை வாங்கினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். புதிதாக ஏதாவது தெரியுமோ என்று திருப்பியும் பிடித்துப் பார்த்தார்.

"பொட்டிதானே இது?"

"ஆமாங்க, பொட்டிதான்" என்றேன்.